அலமாரியிலிருந்து எடுக்கும் முன்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் நீங்களும் நண்பர்களும் இரண்டு அலமாரி புத்தகம் சேர்த்திருக்கிறீர்கள். அதில் பெருமாள் முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒன்று. ஒரு பிள்ளையின் தகப்பனார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோயிலையும் நம் பெண்களையும் கேவலப்படுத்துகிற புத்தகம் இங்கே இருக்கக் கூடாது என்கிறார். குழுவில் பாதிப் பேர் எடுத்துவிடலாம் என்கிறார்கள். “எடுத்துவிட்டால் அது தடையா அத்தை? கடையில் கிடைக்கிற புத்தகம்தானே? அந்தக் காலத்தில் லைப்ரரியில் வேலை பார்த்தவர் நீங்கள், இந்த நாட்டில் இது எப்படியெல்லாம் நடந்தது என்று சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தீர்கள்.

கடையில் கிடைக்கிறதே என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்று அமெரிக்காவில் பெரிய சண்டையே இதில்தான் நடக்கிறது. அங்கே பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்கள் அகற்றப்படுவதை பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு கணக்கெடுக்கிறது. 2023-24 கல்வியாண்டில் மட்டும் 10,046 முறை அப்படி நடந்ததாக அவர்கள் பதிவு. எதிர்த்தரப்பு சொல்வது நீங்கள் சொன்னதேதான்: கடையில் இருக்கும் புத்தகத்தை எப்படித் தடை என்று சொல்ல முடியும்? 1982-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்திடம் இதே மாதிரி ஒரு வழக்கு போனது. நியூயார்க் மாநிலத்துப் பள்ளி வாரியம் ஒன்று நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்திருந்தது. ஒரு கருத்து பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றக் கூடாது என்றார்கள் நீதிபதிகளில் ஒரு பகுதியினர். ஆனால் அந்தக் காரணத்தோடு முழுப் பெரும்பான்மை சேரவில்லை. அதனால் சண்டை இன்னும் ஓயவில்லை.

என் பதில் இது. பணம் இருக்கிறவனுக்குக் கடை இருக்கிறது. உங்கள் அலமாரிக்கு வருகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்த அலமாரி மட்டும்தான் இருக்கிறது. அவள் கைக்கு எட்டும் இடத்திலிருந்து, படிக்காமலே, காரணம் எழுதிவைக்காமலே ஒரு புத்தகத்தை எடுத்தால் அவளைப் பொறுத்தவரை அது தடைதான். இதை நான் சட்டப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என் கையாலேயே செய்த வேலை இது.

நான் டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு கிளை நூலகத்தில் எழுபதுகளில் உதவியாளராகச் சேர்ந்தேன். அரசிதழில் வெள்ளிக்கிழமைதோறும் பட்டியல் வரும். ‘விரும்பத்தகாதது’ என்று முத்திரை குத்தப்பட்ட நூல்களின் பெயர்கள். அதைத் தொகுத்து ஜேக்கப்சன் பட்டியல் என்று ஒரு கோப்பு இருந்தது. தாள்களைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவு வேகமாக அது வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் வேலை அந்தப் பட்டியலோடு அட்டவணை டிராயரை ஒப்பிடுவது, கார்டை உருவுவது, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து உள்ளறையில் பூட்டுவது. அங்கிருந்து அவை எங்கே போயின என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாட்டில் சில நூலகங்கள் இப்படி எடுத்தவற்றை எரித்தே விட்டன.

சட்டம் எப்படி வளர்ந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு இது புரியும். 1950-இல் கம்யூனிச ஒழிப்புச் சட்டம் வந்தது. பெயரில்தான் கம்யூனிசம். அரசுக்குப் பிடிக்காதவர் யாராக இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அவருக்குத் தடையுத்தரவு போடலாம், பிறகு அவர் எழுதியதையோ பேசியதையோ மேற்கோள் காட்டுவதும் குற்றமாகும். 1966-இல் நாடு கடந்து வாழ்ந்த 46 பேரின் பெயர்களை ஒரே அறிவிப்பில் சேர்த்தார்கள். மஃபலேலே, லூயிஸ் நகோசி மாதிரி எழுத்தாளர்கள் அதில் உண்டு. ஒரு தலைமுறைக் கறுப்பின எழுத்து ஒரே காலையில் சொந்த நாட்டிலிருந்து காணாமல் போனது. டென்னிஸ் புரூட்டஸ் என்ற கவிஞர் 1970-இல் ஜான் புரூயின் என்ற புனைபெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். எழுதியது யார் என்று தெரியும்வரை அது இங்கே கடைகளில் விற்றது.

1963-இல் வெளியீடுகள் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. வாரியத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. 1974-இல் புதிய சட்டம் கொண்டுவந்து அதையும் அடைத்தார்கள். அதே வருஷம் ஆட்சியாளர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் வந்த ஒரு நாவலும் மாட்டியது. ஆந்த்ரே பிரிங்க்கின் ‘கென்னிஸ் வான் டி ஆண்ட்’ 1974-இல் தடைபட்டது. அந்த மொழியில் எழுதி அந்தச் சட்டத்தில் மாட்டிய முதல் நூல் அது. தங்கள் சொந்த மொழியிலேயே ஒருவன் இப்படி எழுதிவிட்டான், அது நீதிமன்றத்தில் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது என்பது ஆட்சியாளர்களுக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. புதிய சட்டத்தின்படி குழுக்கள் மூடிய அறையில் படிக்கும், மேல்முறையீடு அவர்களே அமைத்த வாரியத்துக்குத்தான் போகும். விற்பது மட்டுமில்லை, சில நூல்களை வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கலாம். ஆபாசம், மத நிந்தனை, ஒரு சமூகத்தாரைக் கேலி செய்வது, சமூகங்களுக்கிடையே உறவைக் கெடுப்பது, அரசின் பாதுகாப்புக்கு ஊறு. காரணங்கள் இவ்வளவும் அதில் உண்டு. உங்களிடம் புகார் சொன்ன தகப்பனார் சொல்லும் காரணங்களை இவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. மத நிந்தனை, சமூகத்தின் மானம் என்ற சொற்களை அந்த அரசும் அதே அக்கறைக் குரலில்தான் சொன்னது.

வைத்திருப்பதே குற்றம் என்பது வீடுகளுக்குள் என்ன செய்தது என்று உங்கள் தலைமுறைக்குத் தெரியாது. எங்கள் மாமா ஒருவர் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாள் அட்டை போட்டு, முதுகில் பாடப்புத்தகத்தின் பெயர் எழுதி வைத்திருந்தார். 1977 செப்டம்பரில், கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ போலீஸ் காவலில் செத்தார். அக்டோபர் 19 அன்று அமைப்புகளையும் பத்திரிகைகளையும் மொத்தமாகத் தடைசெய்தார்கள். அன்று இரவு எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் புழக்கடையில் தீ எரிந்தது. போலீஸ் யாரும் வரவில்லை. அவரவர் புத்தகத்தை அவரவரே எரித்தார்கள்.

அந்த மாதத்தில்தான் நானும் ஒன்று செய்தேன். ஒரு மாணவன் திருப்பிக் கொடுத்த ஒல்லியான கவிதைத் தொகுப்பு. பட்டியலில் அது இல்லை. இரண்டு முறை பார்த்தேன், இல்லவே இல்லை. ஆனாலும் அலமாரிக்குத் திருப்பி வைக்க எனக்குப் பயமாக இருந்தது. மேஜை இழுப்பறையில் போட்டேன், மேலதிகாரியிடம் சொன்னேன், அவர் எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு பையன் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டான். வெளியே போயிருக்கிறது என்றேன். அடுத்த மாதம் மறுபடி வந்தான். அதே பொய்யைச் சொன்னேன். மூன்றாம் முறை அவன் வரவில்லை. அரசாங்கம் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை, தம்பி. நானேதான் செய்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பையனின் முகம் என்னை விடவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

தடையை நீக்கும்போதும் அவர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடின் கார்டிமரின் ‘பர்கர்ஸ் டாட்டர்’ 1979 நடுவில் தடைபட்டு அக்டோபரில் விடுபட்டது. அதே 1979-இல் தடைபட்ட மிரியம் ட்லாலி, ம்டுடுசெலி மட்ஷோபா போன்ற கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களுக்கு அப்படிச் சலுகை வரவில்லை. கார்டிமரே இதைப் பகிரங்கமாகச் சொன்னார்: உலகம் அறிந்த வெள்ளை எழுத்தாளருக்கு ஒரு நீதி, அவர்களுக்கு வேறு நீதி. எண்பதுகளில் வாரியம் புதிதாக ஓர் அளவுகோல் கொண்டுவந்தது. இந்த நூலை யார் படிப்பார்கள் என்று பார்ப்பது. படித்தவர் சிலர் மட்டும் படிக்கும் கனமான இலக்கியம் என்றால் போகட்டும், எளிய மொழியில் எழுதி ஜனங்கள் கையில் போய்ச் சேரும் என்றால் பிடி. தளர்வு என்று அதைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அது பழைய தடையைவிட அவமானமாகப் பட்டது. படிக்கத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று எங்களைப் பிரித்தது அது.

நம் மக்களுக்கும் இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. 1903-இல் டர்பனில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியில் வந்தது. அடுத்த வருஷம் அச்சகம், டர்பனுக்கு வெளியே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனது. 1909 நவம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் கப்பலில் காந்தி ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலைக் குஜராத்தியில் எழுதினார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். ஃபீனிக்ஸில் அச்சாகி 1910-இல் இந்தியாவுக்குப் போன பிரதிகளை பம்பாய் அரசு பறிமுதல் செய்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தாமே அதை ஆங்கிலத்தில் பெயர்த்து உடனே இங்கிருந்து வெளியிட்டார், எதைப் பயந்து பூட்டினீர்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அதைவிட எனக்குப் பிடித்தது 1919 ஏப்ரல் 6. ரௌலட் சட்டத்தை எதிர்த்து பம்பாய் தெருவில் காந்தியும் தோழர்களும் தடை செய்யப்பட்ட இந்த நூலைக் கூவி விற்றார்கள். விலை நாலணா. வாங்கினால் சிறைக்குப் போக வேண்டி வரலாம் என்று முதலிலேயே சொல்லித்தான் விற்றார்கள். ஒருவர் ஒரு பிரதிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார். அரசாங்கமோ மறுபதிப்பு வேறு புத்தகம், தடை பழைய பதிப்புக்குத்தான் என்று சொல்லி யாரையும் பிடிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. கைதாகத் தயாராக நின்றவர்களுக்கு ஏமாற்றமாகப் போனதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஃபீனிக்ஸ் வீடும் அச்சகமும் 1985 ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்தன. இப்போது நீங்கள் பார்ப்பது திரும்பக் கட்டியது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போங்கள், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பாரதியையும் விட்டுவிட முடியாது. 1928-இல் பர்மா அரசு அவருடைய தேசப் பாட்டுகளைத் தடைசெய்தது. அதைப் பின்தொடர்ந்து சென்னை அரசும் பறிமுதலில் இறங்கியது. அவர் செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து பேசினார். பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் ஜனங்களிடமிருந்து எதைப் பறிப்பது?

இனி ராபன் தீவு, மண்டேலா போன்ற அரசியல் கைதிகளைப் பூட்டிய தீவுச் சிறை. சன்னி வெங்கடரத்தினம் டர்பன்காரர். 1972-இலிருந்து 1978 வரை அங்கே கைதி. அவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுதி ஒன்று இருந்தது. வார்டர்கள் பறித்துவிடாமல் இருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளின் சாமிப் படங்களை அதன் மேல் ஒட்டினார். இது என் வேதப் புத்தகம் என்றார், விட்டுவிட்டார்கள். விடுதலைக்கு முன் அந்தப் புத்தகத்தைக் கைமாற்றிக் கொடுத்து, தோழர்களை அவரவருக்குப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் போட்டிருக்கிறார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கோழை சாவுக்கு முன் பலமுறை சாகிறான், வீரன் ஒரே ஒருமுறைதான் சாவைச் சுவைக்கிறான் என்ற இடம். நம் சாமிகள் அட்டையில் நின்று ஒரு புத்தகத்தைக் காப்பாற்றிய கதை நம்முடையது, தம்பி. சாமியின் பெயரால் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

இனி நடந்ததைக் கேளுங்கள். 2001-இல், விடுதலைக்கு ஏழு வருஷம் கழித்து, ஹாவ்டெங் மாகாணத்தில் பள்ளிப் பாடநூல்களைப் பரிசீலிக்க ஆசிரியர் குழு ஒன்று உட்கார்ந்தது. கார்டிமரின் ‘ஜூலைஸ் பீப்பிள்’ இனவாத நூல், எடுக்க வேண்டும் என்றார்கள். இனவெறி ஆட்சி மூன்று நூல்களைத் தடைசெய்த அதே கார்டிமர். ‘ஜூலியஸ் சீசர்’ வேண்டாம், ஆண்களை உயர்த்துகிறது என்றார்கள். மண்டேலா கையெழுத்திட்ட அதே நாடகம். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தேசியக் கல்வி அமைச்சர் காதர் அஸ்மலும் கண்டித்தார். பரிந்துரை கைவிடப்பட்டது. அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் மனம் புண்படக் கூடாது என்று நினைத்தவர்கள். அடிபட்ட சமூகத்துக்கே இந்த ஆசை வருகிறது, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

நமக்கும் அந்த ஆசை வந்தது. 1988-இல் இனவெறி ஆட்சியைத் துணிந்து எதிர்த்த ‘வீக்லி மெயில்’ பத்திரிகையும் எழுத்தாளர் சங்கமும் கேப்டவுனில் நடந்த புத்தக வாரத்துக்கு சல்மான் ருஷ்டியை அழைத்தன. பேசவேண்டிய விஷயமே தணிக்கைதான். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, மிரட்டலும் வந்தது. அழைத்தவர்களே பின்வாங்கினார்கள். அவருடைய ‘சாத்தானிக் வெர்சஸ்’ நாவலை அரசு தடைசெய்தது. ஈரானின் ஃபத்வா வருவதற்கு மூன்று மாதம் முன்பே இது நடந்தது. கார்டிமரும் அழைப்பை விலக்க ஒப்புக்கொண்டார், அதே மேடையிலேயே நாவலாசிரியர் ஜே. எம். கூட்ஸி அதை எதிர்த்துப் பேசினார். போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் மனம் புண்படுகிறது என்றால் என்ன செய்வது? டர்பன் கிரே ஸ்ட்ரீட் தேநீர்க் கடைகளில் அன்று நாங்கள் இரண்டாகப் பிரிந்து பேசினோம். எந்த அரசு எங்களைப் பூட்டியதோ அந்த அரசின் கையாலேயே ஒரு நாவலைப் பூட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று கூட்ஸி பக்கம் நின்றேன், இன்றும் அங்கேயேதான்.

2002-இல் எனக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ம்போங்கெனி ங்கேமா ‘அமாந்தியா’ என்ற ஜூலுப் பாட்டை வெளியிட்டார். இந்தியர்களை எதிர்கொள்ள வலுவான ஆண்கள் வேண்டும் என்று அழைக்கும் பாட்டு. 1949 ஜனவரியில் டர்பனில் நம் வீடுகள் எரிந்ததை என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டு வானொலியில் வந்தபோது நானும் பயந்தேன். மனித உரிமை ஆணையம் முறையிட்டது, ஒலிபரப்புப் புகார் ஆணையம் அது வெறுப்புப் பேச்சு என்று தீர்ப்பளித்தது. எண்பதுகளில் வெளியீடுகள் மேல்முறையீட்டு வாரியத்துக்குத் தலைமை வகித்த கோபஸ் வான் ரூயன்தான் அப்போது அந்த ஆணையத்துக்கும் தலைவர். ஆனால் இந்தமுறை நடந்த விதம் வேறு. முறையீடு பகிரங்கம். பாட்டை முழுக்க மொழிபெயர்த்துக் கேட்டார்கள், காரணம் எழுதித் தந்தார்கள், அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவு வகுத்த எல்லைக்குள் பார்த்தார்கள். இனத்தைக் காட்டி வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டினால் அந்தப் பேச்சுக்கு அங்கே பாதுகாப்பு இல்லை. மனம் புண்படுவது வேறு, தீங்குக்குத் தூண்டுவது வேறு. இந்தக் கோட்டை நான் ஏற்கிறேன். என் பயத்தால் ஏற்கிறேனோ என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தும், ஏற்கவே செய்கிறேன்.

‘மாதொருபாகன்’ அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. பிள்ளையில்லாத ஒரு தம்பதியை ஊர் எப்படிப் பேச்சால் சாகடிக்கிறது என்பதுதான் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் ஓர் இரவு அதில் வருகிறது. 2010-இல் வந்த நாவல். ஆங்கிலத்தில் வந்த பிறகு, 2014 கடைசியில்தான் கலகம் கிளம்பியது. நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள் முருகன் இறந்துவிட்டான் என்று அவரே எழுதினார். எந்த அரசும் அந்த நூலைத் தடைசெய்யவில்லை, கவனியுங்கள். ஊர் நெருக்கியது, அவரே வாயை மூடிக்கொண்டார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காவிட்டால் புத்தகத்தை வீசிவிடலாம், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. அவரும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தத் தகப்பனாரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர் பயம் எனக்குப் புரிகிறது. நம் தெருவில் பாதிக் குடும்பம் கிறிஸ்தவ சபைக்குப் போய்விட்டது. காவடி எடுப்பதையும் தீமிதிப்பதையும் பேய் வழிபாடு என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். இந்த நாவல் அவர்கள் கையில் ஆயுதமாகிவிடுமோ என்று அவர் நினைக்கலாம். அதை நேரடியாகக் கேளுங்கள், அவர் மனசில் இருப்பது வெளியே வரட்டும்.

குழுவுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புகார் எழுத்தில் வரட்டும். எந்தப் பக்கம், எந்த வரி என்று இருக்கட்டும். புகார் சொல்பவரும், முடிவெடுப்பவர்களில் குறைந்தது மூன்று பேரும் நூலை முழுக்கப் படித்திருக்க வேண்டும். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், இழுப்பறைக்குள் போனது திரும்பி வராது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஏற்றதில்லை என்பதில் சந்தேகம் இல்லை. அதற்குப் பெரியவர்கள் பகுதி என்று ஒரு தட்டு ஒதுக்கினால் போதும். இடம் மாற்றுவது வேறு, இல்லாமல் செய்வது வேறு. என்ன முடிவெடுத்தாலும் காரணத்தை எழுதி நோட்டில் ஒட்டிவையுங்கள், ஒரு வருஷம் கழித்து யாராவது மறுபடி கேட்டால் திறந்து பார்க்கும்படி.

என்னிடம் தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கிறது. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் நான் வாசித்துச் சொல்கிறேன், திருவிழா வரும் அந்தப் பகுதியையும் சேர்த்துத்தான். வருகிற சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரை இருக்கச் சொல்லுங்கள். நான் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன்.